மெடியா நீராவிக் கப்பல் மாதிரி: புதுச்சேரியில் செய்ய எந்த அளவு, எந்த ஹல்?

பழைய நீராவி உல்லாசக் கப்பல் ஒன்றை மாதிரியாகச் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஹல்லை (கப்பலின் வெளிக்கூட்டை) மரத்தில் செய்வதா ஃபைபரில் செய்வதா என்றுதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முடிந்த கப்பல் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போகிறதா, ஏரியில் ஓடப்போகிறதா? இரண்டுக்கும் ஆகிற மாதிரி செய்துகொள்ளலாம் என்று தொடங்கினால் இரண்டுக்கும் ஆகாத ஒன்றுதான் கடைசியில் மிஞ்சும். பெட்டிக்கென்று செய்த நுண்ணிய கம்பிக் கிராதி ஏரிக்கரையில் இரண்டு முறை கைபட்டாலே வளைந்துவிடும். ஓட்டத்துக்காகக் கழற்றி மாட்டும்படி செய்த மேல்தளமோ, கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சுற்றிலும் இடைவெளி தெரிய நிற்கும். அளவு, ஹல், மரம், எந்திரம் எல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே மாறுகின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது மெடியாவை. 1904-இல் கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் ஸ்டீபன் கப்பல்கட்டும் தளம் 51 நாளில் கட்டி முடித்த எஃகுக் கப்பல் அது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கடற்படை அதை வாங்கி, 75 மி.மீ. பீரங்கி ஒன்றைப் பொருத்தி, 'கோர்னெய்' என்று பெயர் மாற்றிக் காவல் பணியில் ஓட்டியது. இரண்டாம் உலகப் போரில் தேம்ஸ் முகத்துவாரத்தில் தடுப்பு பலூன்களைக் கட்டி நிறுத்தும் வேலை பார்த்தது. 1973 முதல் சான் டியாகோ கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பிரெஞ்சுப் பீரங்கிக் கோலத்தில் செய்யும் ஆசை வருவது இயல்பு. ஆனால் பீரங்கி எந்தப் பீடத்தில் நின்றது, அதற்காகத் தளத்தில் எதை அகற்றினார்கள் என்பதற்கெல்லாம் படச்சான்று கையில் இருந்தால் மட்டும் அதில் இறங்கலாம். இப்போது மிதக்கும் கோலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கப்பலே நிற்கிறது, எல்லாப் பக்கமும் எடுத்த படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

நிஜக் கப்பல் சுமார் 140 அடி நீளம், 17 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம், நீருக்குள் அமிழும் ஆழம் 8 அடிக்குக் கொஞ்சம் மேல். இதை 1:48-இல், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்காகச் செய்தால் 89 செ.மீ. நீளம், 10.6 செ.மீ. அகலம். 1:32-இல் 133 செ.மீ., 16 செ.மீ. 1:24-இல் 178 செ.மீ., 21 செ.மீ. நீளத்தை மட்டும் பார்த்து அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பார்க்க வேண்டியது எடை. நீளம் இரட்டித்தால் மிதப்பு எட்டு மடங்காகும். மெடியா போன்ற ஒடுங்கிய ஹல் 1:48-இல் தாங்குவது மொத்தமே ஒன்றரை கிலோவை ஒட்டித்தான். 1:32-இல் அது 5 கிலோ, 1:24-இல் 12 கிலோ. ஹல், தளம், மோட்டார், பேட்டரி, அடியில் வைக்கும் ஈயம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஆகவே 1:48 கண்ணாடிப் பெட்டிக்கு உரிய அளவு. தண்ணீரில் விட 1:32 வேண்டும். உண்மையான நீராவி எந்திரம் வைக்க 1:24-க்குக் கீழே இறங்கக் கூடாது.

பெட்டிக்கு: 1:48, மரம்

மெடியாவின் ஹல் எஃகுத் தகடு. மேலே பெயின்ட் ஏறிய பிறகு உள்ளே தேக்கு இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. எனவே நல்ல மரத்தை ஹல்லில் செலவழிக்க வேண்டாம். மேல்தள அறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏராவுக்கு (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) 6 மி.மீ. பிளைவுட்டை ஒரே துண்டாக வெட்டாமல், 3 மி.மீ. துண்டுகள் இரண்டை ஒன்றன் வளைவு மற்றதற்கு எதிராக வரும்படி ஒட்டி எடுக்க வேண்டும். ஒற்றைத் துண்டு ஐப்பசி மழைக்குள் வில்லாக வளைந்துவிடும். வங்குகளுக்கு (குறுக்கே நிற்கும் விலா எலும்புகள்) 4 மி.மீ. மரைன் பிளை போதும். நடுப்பகுதியில் 45 மி.மீ. இடைவெளி, அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) நெருங்கும் இடங்களில் 25 மி.மீ. மொத்தம் இருபத்திரண்டு வங்கு வரை ஆகும். இவற்றின் மேல் 1.5 × 5 மி.மீ. குமிழ்ப் பலகைக் கீற்றுகள். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால், காயும் பசையின் இழுப்பிலேயே ஏரா முறுக்கிக்கொள்ளும்; பிறகு எந்தப் பட்டி (புட்டி) பூசினாலும் அதை நிமிர்த்த முடியாது.

மெடியாவின் பின்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே நீண்டு தொங்கும் அமைப்பு. அந்த வளைவில் கீற்றுகளை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டப் பார்ப்பது வீண் வேலை. குமிழ்க் கட்டை ஒன்றை அங்கே வைத்து, அட்டையில் வெட்டிய வளைவை வைத்து அளவு பார்த்து, அரத்தால் செதுக்கி எடுப்பது எளிது; சுத்தமாகவும் வரும்.

ஹல் மூடியபின் உள்ளும் புறமும் முழுவதும் எபாக்சி மெல்லியதாகப் பூச வேண்டும். அது காய்ந்ததும் வெளிப்புறம் 120, பிறகு 240 உப்புத்தாள், கார் பட்டறைகளில் பயன்படும் பட்டி, பிரைமர், 400 நம்பர் வாட்டர் பேப்பர். அதன் பிறகுதான் தகட்டு வரிசைகள். நிஜத் தகடு 8 மி.மீ. தடிமன் என்று கொண்டாலும் 1:48-இல் அது 0.17 மி.மீ. வாகனங்களுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் பிளாட்டர் எந்திரம் இருக்கிறது. வினைல் தாளில் தகட்டு வரிசைகளை அளவாக வெட்டித் தரச் சொல்லி, ஒன்று விட்டு ஒன்று ஒட்டினால் மேலே ஏறும் பெயின்டோடு சேர்த்துத் தடிமன் ஏறத்தாழச் சரியாக வந்துவிடும். மெல்லிய தகரத்தை வெட்டி ஒட்டுவது பார்ப்பதற்குப் பெரிய வேலையாகத் தோன்றும். இந்த அளவில் அது கவசக் கப்பல் போல் காட்டும்.

மேல்தள அறைகள் நிஜக் கப்பலில் தேக்கு. இந்த ஊரில் பழைய வீட்டு உத்தரமும் கதவும் இடிபாட்டு மரமாகக் கிடைப்பதால் அதையே அறுத்து வைக்கலாம் என்று தோன்றும். செய்ய வேண்டாம். தேக்கின் துளைகள் 48 மடங்கு சிறியதாகிவிடுவதில்லை. சன்னல் சட்டம் 2 மி.மீ. அகலம் இருக்கும் இடத்தில் ஒரு துளைக்கோடு பள்ளமாக ஓடும். மேலும் தேக்கில் எண்ணெய் அதிகம். ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. தேக்கின் நிறத்துக்குப் பூவரசு வையுங்கள். கடற்கரையெங்கும் வளரும் மரம், நெருக்கமான இழை, செம்பழுப்பு வைரம். தளப் பலகைக்கு மஞ்சள் கடம்பு. தளப் பலகையின் நிஜ அகலம் 3 அங்குலம் என்றால் இங்கே 1.6 மி.மீ. இடையில் வரும் கருப்புக் கோட்டுக்கு மார்க்கர் பேனா கூடாது, வார்னிஷ் பட்டதும் மை பரவிவிடும். கருப்புத் தாளைப் பலகைகளுக்கு இடையே வைத்து அடுக்காக ஒட்டி, காய்ந்தபின் குறுக்கே மெல்லியதாக அறுத்தெடுப்பதே வழி.

இந்தக் கடற்கரையில் மரத்துக்கு வரும் சோதனை ஈரப்பதம். கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் 85 சதவீதத்தைத் தொடும்போது மரத்துக்குள் ஈரம் 18 சதவீதம் வரை ஏறும். ஏசி ஓடும் அறையில் அதே மரம் 9 அல்லது 10-க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் இழைக்குக் குறுக்கே ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் மரம் அசையும். 5 மி.மீ. கீற்று ஒன்றில் இது கண்ணுக்குத் தெரியாது. 10 செ.மீ. சுற்றளவுள்ள பக்கம் முழுவதும் சேர்ந்தால் ஒன்றரை மி.மீ. வரை போகும், பெயின்டைக் கிழிக்க அது போதும். எபாக்சியை உள்ளும் புறமும் பூசச் சொல்வது இதனால்தான். சாதாரண வெள்ளைப் பசையும் மழைக்காலத்தில் இளகும். நீர் தாங்கும் வகையை வாங்குங்கள். மரம் வாங்கியதும் வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மாதம் அடுக்கி வைத்திருக்க வேண்டும். வெளிறிய ஓரப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள், உளு அங்கேதான் நுழையும்.

கயிறுகளுக்குப் பருத்தி நூல் வேண்டாம். ஈரத்தில் இறுகி, வெயிலில் தளர்ந்து, ஒரே ஆண்டில் பாய்மரத்தைச் சாய்த்துவிடும். பாலியஸ்டர் நூல் அசையாது. பித்தளைத் துண்டுகளை அசிட்டோனில் கழுவி, கையுறையோடு எடுத்து, அன்றே லேக்கர் பூச வேண்டும். கடற்கரைச் சாலைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் வெறும் பித்தளை ஒரு மழைக்காலத்திலேயே கறுத்துவிடும்.

ஈயத்தில் வார்த்த நங்கூரம், காற்றுக்குழல் போன்றவற்றைத் தவிர்த்துவிடலாம். மூடிய பெட்டிக்குள் புது மரமும் எம்.டி.எஃப். பலகையும் வினிகர் வாசனைச் சிலிகானும் வெளிவிடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து போகும். ஈரமான காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். ஆகவே பெட்டியின் அடிப்பலகையை எபாக்சியோ பாலியூரித்தேனோ பூசி அடைத்து, அமிலம் விடாத நடுநிலைச் சிலிகானால் கண்ணாடியை ஒட்டி, பின்பக்கம் மேலும் கீழும் நுண்வலை போட்ட துளை ஒவ்வொன்று விட வேண்டும். பெட்டியை மேற்குச் சன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது. சித்திரை வெயில் உள்ளே நுழைந்தால் துளை இருந்தும் பயனில்லை.

தண்ணீருக்கு: 1:32, ஃபைபர்

மர ஹல்லை ஓட்டத்துக்கும் செய்யலாம். அதன் மேல் கண்ணாடித் துணியும் எபாக்சியும் ஏற்றினால் நன்றாகவே தாங்கும். ஆனால் மூன்று கப்பல் செய்யும் நண்பர்கள் சேர்ந்தால், அல்லது ஒன்று கரையில் மோதி உடையும் என்ற எண்ணம் இருந்தால், அச்சு எடுத்து ஃபைபரில் செய்வதே கணக்குக்கு வரும். இந்தக் கடற்கரையின் வசதியும் அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு பெருகியதால் ரெசின், மேட் (கண்ணாடி இழைப் பாய்), ஜெல்கோட் (வெளிப்பக்கம் வரும் ரெசின் பூச்சு), மெழுகு எல்லாம் கடலூரிலும் புதுச்சேரியிலும் சில்லறையாகவே கிடைக்கின்றன. துறைமுகப் பக்கம் படகு பழுது பார்ப்பவர்கள் கையில் பழக்கம் இருக்கிறது. அவர்கள் போடும் மேட், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளது, மட்டும் மாதிரிக்கு ஆகாது. இழை வடிவம் ஜெல்கோட்டின் வழியே வெளியில் தெரியும், வளைவுகளில் படியாது. 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும்.

1:32 மெடியா ஹல்லின் பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர். இரண்டு அடுக்குக்கு மேட் 180 கிராம், அதை நனைக்க ரெசின் 400 முதல் 450 கிராம், அரை மி.மீ. ஜெல்கோட்டுக்கு 200 கிராம். காய்ந்த ஹல் 800 கிராமை ஒட்டி நிற்கும். ஒரு கிலோவைத் தாண்டினால் ரெசினைத் தேவைக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். அது வலிமையைக் கூட்டாது, நொறுங்கும் தன்மையைத்தான் கூட்டும்.

அச்சை ஒரே கிண்ணமாக எடுக்க முடியாது. அணியம் கத்தி போல ஒடுங்குகிறது, உள்ளே தூரிகை போகாது. பின்புறத் தொங்கலோ அச்சிலிருந்து கழலாது. ஏராக் கோட்டில் பிரித்து, ஓரத்தில் போல்ட் போடும் விளிம்போடு இரண்டு பாதி அச்சு எடுங்கள். பாதிகளைத் தனித்தனியாக வார்த்து, சேர்த்து இறுக்கி, உட்புறம் 40 மி.மீ. அகல மேட் பட்டையால் இணையுங்கள். மூல உருவைத் தெர்மாகோலில் செதுக்கினால் அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் நேரடியாகப் படக் கூடாது, கரைத்துவிடும். வார்ப்பு ஒட்டாமல் கழல மெழுகு ஐந்து முறை, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு மணி நேர இடைவெளி, மேலே பி.வி.ஏ. என்ற பிரிப்புப் படலம் ஒன்று.

வேலை கெடுவது பெரும்பாலும் ஹார்டனர் அளவில்தான். இந்த ஊர் வெயிலில், 35 டிகிரியில், 2 சதவீதம் ஊற்றினால் தூரிகையை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். கோடையில் 1 சதவீதம், அதுவும் விடிகாலையில். வெயில் அதிகம் என்று 1-க்கும் கீழே குறைத்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும், பின்னால் என்ன செய்தாலும் சரியாகாது. ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டும் ஹார்டனரும் தனியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் ஏற்கெனவே சேர்த்த ரெசின் வாங்கினால் அந்த ஆபத்தே இல்லை. அடைமழை நாளில் வார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

முப்பரிமாண அச்சில் ஹல் எடுப்பது இன்னொரு வழி. கோப்பு கிடைத்துவிட்டால் கைவேலை குறையும் என்பது உண்மை. ஆனால் வீட்டு எந்திரத்தின் 22 செ.மீ. படுக்கையில் 133 செ.மீ. ஹல் ஏழு துண்டாக வரும்; ஒவ்வொரு இணைப்பிலும் அரை மி.மீ. பிசகு, பிறகு பட்டி, பிறகு உப்புத்தாள். அந்த எந்திரத்தில் ஓடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகுகிறது. மே மாதப் பகலில் மூடி நிறுத்திய காரின் பின்பகுதி அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஹல்லுக்கு வேண்டாம். காற்றுக்குழல், கொக்கி, விளக்கு போன்ற சிறு துண்டுகளுக்கு ரெசின் அச்சு அருமை. அங்கே கைவேலை போட்டியிடவே முடியாது.

மோட்டாரா, நீராவியா

1:32-இல் மோட்டார்தான். நிஜக் கப்பல் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போனால் மாதிரி போக வேண்டிய வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர், அலை சரியான அளவில் எழுவது அப்போதுதான். கரையில் ஒருவர் கூடவே சற்று நிதானமாக நடக்கும் வேகம் அது. 45 மி.மீ. விசிறிக்கு (புரொப்பெல்லர்) நிமிடத்துக்கு 1700 சுற்று போதும். எனவே வேகமாகச் சுழலும் பிரஷ்லெஸ் மோட்டார் தேவையில்லை. 555 வகை மோட்டாரைப் பெல்ட்டில் இரண்டரைக்கு ஒன்றாகக் குறைத்து ஓட்டலாம்.

எடைக் கணக்கு இப்படி வரும்: ஹல் 800 கிராம், தளமும் வங்கும் 500, அறைகள், புகைக்கூண்டு, பாய்மரம் 400, மோட்டாரும் தண்டும் 350, ரேடியோவும் சுக்கான் சர்வோவும் 150. 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி முக்கால் கிலோவுக்கு மேல். ஆக மூன்று கிலோ. மீதி இரண்டு கிலோ ஈயம் ஏராவின் மேல் படுக்கும். இலகுவான லித்தியம் பேட்டரி வாங்கிவிட்டு அந்த எடைக்கு வேறு ஈயம் வைப்பதில் லாபம் ஒன்றுமில்லை. இதே கணக்கை 1:48-க்குப் போட்டால் எல்லாம் வைத்தபின் ஈயத்துக்கு நானூறு கிராம்தான் மிஞ்சும். 10 செ.மீ. அகலத்தில், இரண்டு பாய்மர உயரத்தோடு, கடற்காற்றில் அது சாய்ந்தே ஓடும்.

நீராவி என்றால் கணக்கே வேறு. 3 அங்குல விட்டமுள்ள செம்புக் கொதிகலன், இரட்டை உருளை எந்திரம், எரிவாயுத் தொட்டி, எண்ணெய் பிரிப்பான், நீர் எல்லாம் சேர்த்தால் மூன்று கிலோவை எளிதில் தாண்டும். அதன் பெரும்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். 1:24-இல் மட்டுமே கப்பல் அதைத் தாங்கி நேராக நிற்கும்.

கொதிகலன் இணைப்புகள் வெள்ளி 45 சதவீதத்துக்குக் குறையாத வெள்ளிப் பற்றில் (சில்வர் சோல்டர்) இருக்க வேண்டும். ஏசி மெக்கானிக் செம்புக் குழாய்க்கு வைக்கும் கம்பியில் பாஸ்பரஸ் இருக்கிறது. கந்தகம் கலந்த தீப்புகை படும் இடத்தில் அந்த இணைப்பு அரித்துவிடும். சாதாரண ஈயப்பற்று, நீர் வற்றிய கணத்தில் உருகிவிடும். 3 பார் அழுத்தத்தில் ஓட்டப்போகும் கொதிகலனைக் குளிர்ந்த நீரை நிரப்பி 6 பார் வரை சோதித்த பிறகே தீ வைக்கலாம். காற்றை அடைத்துச் சோதிப்பது வெடிகுண்டு செய்வதற்குச் சமம்.

எரிவாயு பியூட்டேனாக மட்டும் இருக்கட்டும். 20 டிகிரியில் 2 பார் இருக்கும் அதன் அழுத்தம் 40 டிகிரியில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆகவே கொதிகலனுக்கும் தொட்டிக்கும் நடுவே தடுப்புச் சுவரும், குழாயில் அழுத்தச் சீராக்கியும் தேவை. சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பவே கூடாது. அதில் புரொப்பேன் கலந்திருக்கிறது; அதன் அழுத்தத்துக்குச் சிறு தொட்டி தாங்காது. ஊற்றும் நீர் பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். போர் தண்ணீர் நாலைந்து ஓட்டத்திலேயே குழாய்க்குள் வெள்ளைப் படிவம் கட்டும்.

ஓட்டும் இடமும் முடிவில் பங்கு பெறுகிறது. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். நீராவி எந்திரம் வெளிவிடும் எண்ணெய் கலந்த நீரை அங்கே விடக் கூடாது, மாதிரிக் கப்பல் இறக்கவே அனுமதி கேட்க வேண்டும். சுண்ணாம்பாறு உவர்நீர், சுற்றுலாப் படகுகளின் அலையும் உண்டு. அங்கே ஓட்டினால் தண்டுக் குழாயை அன்றே நன்னீரில் கழுவி, கிரீஸ் புதிதாகத் திணிக்க வேண்டும். எங்கே ஓட்டினாலும் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு கடற்காற்று எழும். 133 செ.மீ. கப்பல் சிறு காரில் முன் இருக்கையைச் சாய்த்தால் போகும். 178 செ.மீ. போகாது.

அந்த 178 செ.மீ. தான் நீராவிப் பிரியர்களுக்கு முட்டுக்கட்டை. அவர்கள் மெடியாவை விட்டுவிட்டு கொண்டோலாவைப் பார்க்கலாம். 1859-இல் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் இறக்கிய 84 அடிக் கப்பல்; சிதைந்து கிடந்ததை மறுபடி கட்டி 1980-இல் ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1:24-இல் 107 செ.மீ. தான். தாழ்ந்த, நீண்ட பயணியர் அறை. பாய்மரச் சுமை கிடையாது. மெடியா அளவுக்கு எடை தாங்காது என்பதால் 3 அங்குலக் கொதிகலனை மறந்துவிட்டு இரண்டரை அங்குலத்தோடும் ஒற்றை உருளையோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏரிக் கப்பலின் நிதான ஓட்டத்துக்கு அது போதும். நீராவி டர்பைனில் ஓடும் கப்பலாகப் பார்சன்ஸ் 1894-இல் ஓடவிட்ட டர்பினியாவும் 1:24-இல் 133 செ.மீ. என்று சிலர் அதன் பக்கம் சாய்வதுண்டு. அகலம் 11 செ.மீ. மட்டுமே, மூன்று தண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி. அதை மோட்டாரில் ஓட்டுவதே பெரும்பாடு.